ஈரமான ஊரில்

இந்த ஒழுங்கையின் முடிவில் கடல்.
றெயில் போகும்போது
அலமாரிப் போத்தல்கள் ஒன்றையொன்று தட்டிக்கொள்ளும்.
கொடியில் போட்ட சேட்டு இரண்டு நாளானாலும் காயாது.
பிஸ்கட்டைத் திறந்துவைத்தால் பின்னேரத்துக்குள் நமத்துவிடும்.
உப்புப் போத்தலுக்குள் நாலு அரிசி போட்டுவைக்கிற ஊர்.
இந்த வெள்ளவத்தையில்தான்
நாளுக்கு முப்பது பேராவது வந்து
கையை நீட்டுகிறார்கள்:
"தோல் காயுது தம்பி."

நான் டாக்குத்தர் இல்லை.
வெள்ளைக் கோட்டு முதலாளி தந்தது.
என்றாலும் கேட்பேன்.

கொள்ளுப்பிட்டியில் பன்னிரண்டாம் மாடி, கணக்காளர்.
ஏசி எத்தனையில்? பதினெட்டில்.
யன்னல் திறக்காதாம்,
கடல் அங்கே சுவர்ப்படம்மாதிரி நிற்கிறதாம்.
பத்து மணித்தியாலம் அந்தக் குளிர்
அவரிடமிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கடன் வாங்கி
பின்சுவர்க் குழாயால் இறக்கி
கீழே நிற்கிற காவலாளியின் தொப்பியில்
சொட்டுச் சொட்டாய்க் கட்டுகிறது.
இதை நான் சொல்லவில்லை.
கிறீம் ஒன்று கொடுத்தேன்.

மிஸிஸ் அருளம்பலத்துக்குப் புதுத் தொடர்மாடி.
திருகினால் சுடுதண்ணீர்.
அரைமணித்தியாலம் நிற்பாராம், அழுக்கெல்லாம் போகட்டும் என்று.
போனது அழுக்கில்லை அம்மா,
தோல் தனக்கென்று பூசிவைத்திருந்த எண்ணெய்.

பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு ஒரு பிள்ளை,
கன்னம் செதில் செதிலாய்,
நிறம் கூட்டுகிற அதே சவர்க்காரத்தில் இன்னும் இரண்டு கேட்டாள்.
நிறுத்துங்கோ என்றேன்.
எதிர்க் கடையில் வாங்கிக்கொண்டு போனாள்.

தபால் இலாகாவில் இருந்து இளைப்பாறியவர்
பிரஷருக்கு நீர் இறக்கும் குளிசை போடுகிறார்.
முழங்காலுக்குக் கீழே சாம்பல்.
வயது என்றும் ஒரு காரணம் இருக்கிறது,
அதற்கு ரியூப் வருவதில்லை.
நீரிழிவும் தைரொயிட்டும்கூட
சில நேரம் இந்தக் கதவால்தான் வரும்,
வெடித்த குதிக்காலை முன்னுக்கு அனுப்பிவிட்டு.
இரத்தம் பாருங்கோ என்று துண்டில் எழுதிக் கொடுப்பேன்.
துண்டு வாசலிலேயே கிடக்கும்.

லூர்தம்மா கேட்டது வேறு.
"அரிப்பு ஒண்ணும் இல்ல தம்பி. மெசினுக்குத்தான்."
எந்த மெசின்?

பம்பலப்பிட்டியில் கலியாண மண்டபம்.
அதன் பின்கட்டில், ஒரு பந்திக்கு எண்ணூறு கோப்பை.
நீலத் தூள், பிறகு கொதிநீர், பிறகு குளோரின்.
காலையில் வாசலில் விரல் வைக்கவேண்டும்.
சிவப்பு விளக்கு.
துடைத்துவிட்டுத் திரும்ப. சிவப்பு.
பெருவிரல், சுட்டுவிரல், மற்றக் கை.
ரேகையெல்லாம் வெடித்துப்போய்
இவள் இவளில்லை என்கிறது மெசின்.
போன கிழமை மட்டும் மூன்று அரைநாள் வெட்டு.
"ஐடென்டி காட்டினேன் தம்பி.
அதுக்கு வாசிக்கத் தெரியாதாம்."

குளித்த ஈரம் காயமுதல்
மூன்று நிமிடத்துக்குள் பூசவேணும் என்றேன்,
பெட்டியில் எழுதியிருந்தபடி.
சிரித்தாள்.
அவளுடைய தோட்டத்தில் ஒரே குழாய்,
பின்னால் ஒன்பது வாளி.
குளியலே மூன்று நிமிடம்தான்.

ஆகச் சின்ன டப்பா வஸ்லின்.
சில்லறையாய் எண்ணிவைத்தாள்.
நின்ற இடத்திலேயே பூசி, மிச்சத்தைக் கவுனில் துடைத்து,
என் கண்ணாடி மேசையில்
பெருவிரலை அழுத்தி எடுத்தாள்.
இரண்டு பேரும் குனிந்தோம்.

கண்ணாடிக்குக் கீழே இருமல் பாணிகள்.
மேலே ஒரு சுழி,
சுழிக்குக் குறுக்கே ஒரு வெட்டு,
ஓரத்தில், கோடுகள் வந்து சேரவேண்டிய இடத்தில்
வெறும் கண்ணாடி.

"தெரியுதா?"
தெரியுது என்றேன்.
பாதி தெரிந்தது.

ஆறு மணிக்கு முதலாளி வந்தார்.
கண்ணாடியில் எண்ணெய்க் கறை கண்டால் அவருக்கு ஆகாது.
ஸ்பிரிட்டையும் பஞ்சையும் என் பக்கம் தள்ளினார்.
துடைத்தேன்.
என் விரல் நுனிகள்
ஒரு கணம் குளிர்ந்து
வெளிறிக்
காய்ந்தன.